பிரேக் இல்லாத பாத்ரூம் வண்டி

கழிவறை ஒன்றை மலைமேல் ஏற்றி இறக்குவதற்காக நான் நியூசிலாந்திலிருந்து விமானம் ஏறி வரவில்லை. நாத்தனார் மகனுக்குக் கல்யாணம். கணவருக்கு விடுப்பு கிடைக்காததால் நான் மட்டும் பாப்பாரப்பட்டிக்கு வந்தேன். சாப்பிட்டு, மொய் எழுதி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதாகத்தான் திட்டம்.

எல்லாம் ஒரு புகைப்படத்தால் வந்த வினை. நாங்கள் இருக்கும் நியூசிலாந்துச் சிற்றூரில் பாதி வீடுகளில் ஒரு ட்ரெய்லர் நிற்கும். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு, வெட்டிய புல், உடைந்த சோபா என்று ஏற்றிக்கொண்டு குப்பைக் கிடங்குக்குப் போவார்கள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அது என் வேலை. ஒருமுறை நான் ட்ரெய்லரோடு காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்ததைக் கணவர் படம் பிடித்து, "என் பொண்டாட்டி லாரி டிரைவர்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். நாத்தனார் மறக்கவில்லை.

போய் இறங்கிய அன்று மதியம் களியும் கீரைக் கடைசலும் போட்டார். நான் பிறந்தது நாகப்பட்டினத்தில். எனக்குக் களியை மெல்லத்தான் தெரியும், விழுங்கத் தெரியாது. நான் மென்றுகொண்டிருந்த நேரம் பார்த்து அவர் பேச்சை ஆரம்பித்தார்.

"கண்ணு, பொண்ணோட பெரியம்மா பெங்களூர்ல இருந்து வர்றாங்க. முட்டிய மடக்கி ஒக்கார முடியாது. கல்யாணம் மலைமேல, நம்ம கொலசாமி கோயில்ல. அங்க அவங்களுக்குத் தோதா ஒண்ணும் இல்ல. நான் ஏற்பாடு பண்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

பாலக்கோட்டில் ஒரு பந்தல் கடைக்காரரிடம் மேல்நாட்டுக் கழிவறை இரண்டு பொருத்திய ட்ரெய்லர் வாடகைக்கு இருந்தது. அதை வழக்கமாக டிராக்டர்தான் இழுக்கும். ஆனால் கரும்பு வெட்டு நேரம், டிராக்டர்கள் எல்லாம் ஆலை வாசலில் வரிசையில் நின்றன.

"நம்ம மாதேஷ் காரு இருக்குது. இழுக்கத் தெரிஞ்ச ஆளும் வூட்டுக்கே வந்துட்டா. அப்புறம் என்ன?" என்று முடித்துவிட்டார்.

மாதேஷ் என் கொழுந்தனார். அவருடைய எஸ்.யூ.வி. ஒரு சின்ன வீட்டின் அகலம் இருக்கும். அதன் பின்னால் ஏற்கெனவே கொக்கி ஒன்றைப் பற்றவைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "பாக்க கெத்தா இருக்கும்னு வெச்சேனுங்க அண்ணி" என்றார்.

மறுநாள் காலை பாலக்கோடு போனோம். எங்கு பார்த்தாலும் தக்காளிக் கூடைகள். அவ்வளவு சிவப்பை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. நியூசிலாந்தில் தக்காளியை ஒவ்வொன்றாகத் தொட்டு, தடவி, விலையைப் பார்த்துத் திரும்ப வைத்துவிடுவேன். இங்கே நசுங்கியவற்றின் மேல் வண்டி ஏற்றிப் போகிறார்கள். மனம் கேட்கவில்லை.

பந்தல் கடைக்குப் பின்னால் அது நின்றது. உடம்பெல்லாம் ரோஜா நிறம். ஒரு கதவில் மீசை வைத்த ராஜா, இன்னொன்றில் கையில் தாமரையோடு ஒரு ராணி. பின்பக்கம் பெரிய எழுத்தில் "நன்றி, மீண்டும் வருக". நான் குனிந்து சக்கரங்களைப் பார்த்தேன். இரண்டு சக்கரம், ஓர் அச்சு, வேறொன்றும் இல்லை.

"இதுக்குத் தனியா பிரேக் இல்லையா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"பிரேக்கு எதுக்குங்க? உங்க காரு நின்னா இதுவும் நின்னுடும்."

"நிக்கலைன்னா?"

அவர் சற்று யோசித்தார். "அப்ப இது முன்னாடி வந்துருமுங்க. நீங்க நிக்காம போயிட்டே இருக்கணும்."

பிரேக் இல்லாத சின்ன ட்ரெய்லர்கள் நியூசிலாந்திலும் உண்டு. காரின் எடையில் பாதிக்கு மேல் போகக்கூடாது, முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விட வேண்டும், இறக்கத்தில் கியரை நம்ப வேண்டும், பிரேக்கை நம்பக்கூடாது. இதையெல்லாம் மாதேஷிடம் சொன்னேன். "சரீங்க அண்ணி, சரீங்க அண்ணி" என்றபடி வண்டியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். கொக்கி கழன்றாலும் வண்டி தனியாக ஓடிவிடாமலிருக்க ஒரு சங்கிலி வேண்டும் என்று அடம்பிடித்தேன். பக்கத்தில் மாடு கட்டும் சங்கிலி கிடைத்தது. பின்விளக்கு எரியவில்லை, அதனால் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டோம்.

சந்தை நெரிசலில் நின்று நின்று நகர்ந்தோம். காலியாக இருந்ததால் வண்டி நல்ல பிள்ளையாகப் பின்னால் வந்தது. ஊரைத் தாண்டி வேகமெடுத்த பிறகுதான் "தம் தம்" என்று ஒரு சத்தம் கேட்டது. அச்சு உடைந்துவிட்டது என்று நினைத்து ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இறங்கி ஓடிப் பார்த்தால், ராஜா போட்ட கதவு உள்ளிருந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

மாதேஷ் திறந்தார். தோளில் துண்டோடு ஒரு விவசாயி நின்றிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"சந்தையில ஏறுனேனுங்க. இது எந்த ஊருங்க?"

ஊரைச் சொன்னோம். அவர் சாலையை இருபுறமும் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "உள்ள தண்ணி வரலீங்க" என்றார்.

எதிரே வந்த பஸ்ஸை மறித்து அவரை ஏற்றிவிட்டோம். ஏறியதும் அவர் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும், பஸ் முழுவதும் ஜன்னலில் முகம் வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டே போனது. அதற்குப் பிறகு எங்கே நின்றாலும் கிளம்புமுன் இரண்டு கதவையும் தட்டி, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பது மாதேஷின் வேலையாயிற்று.

கல்யாணத்துக்கு முதல் நாள் மலைக்குக் கிளம்பினோம். வாசலிலேயே ஒரு சண்டை. வண்டியின் கூரையில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதை இங்கேயே நிரப்ப வேண்டும் என்றார் நாத்தனார். மேலே போய் நிரப்பலாம், தண்ணீரின் எடையோடு மலை ஏறக்கூடாது என்றேன் நான்.

"மேல தண்ணி இல்லைன்னா என்ன பண்ணுவ?"

"வழியில பிரேக் இல்லைன்னா என்ன பண்றது, அக்கா?"

"சரி. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பாதி ரொப்பு."

பாதித் தொட்டி முழுத் தொட்டியைவிட மோசம் என்பது எனக்குத் தெரியும். முழுத் தொட்டியில் தண்ணீர் அசையாது. பாதி இருந்தால் உள்ளே அலை அடிக்கும். ஆனால் புகுந்த வீட்டில் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்தருகே ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் மாதேஷ் பிரேக் போட்டார். கார் அழகாக நின்றது. "பாத்தீங்களா அண்ணி?" என்று அவர் என் பக்கம் திரும்பிய நேரத்தில் தொட்டித் தண்ணீர் மொத்தமும் முன்னால் வந்து மோதியது. ட்ரெய்லர் காரைத் தள்ள, கார் போய் பஸ்ஸின் முதுகை முட்டியது.

கண்டக்டர் இறங்கி வந்தார். பம்பரைப் பார்த்தார், ஒரு கீறல்கூட இல்லை. எங்களைப் பார்த்தார். பின்னால் இருந்த ராஜாவையும் ராணியையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது.

"உள்ள போலாங்களா?"

அவர் போனார். அவர் வந்ததும் டிரைவர் போனார். பிறகு பயணிகளில் சிலர் இறங்கினார்கள். பாப்பிரெட்டிப்பட்டியில் அன்று அந்த பஸ் தாமதமாகக் கிளம்பியதற்கு நாங்கள்தான் காரணம். மிச்சமிருந்த தண்ணீரை அங்கேயே இறக்கிவிடலாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். குழாயைத் திறந்ததும் எதிர் வரிசை வீடுகளிலிருந்து குடங்களோடு பெண்கள் வந்துவிட்டார்கள். துணி துவைக்க ஆகும் என்றார் ஒருவர். "தினமும் வருவீங்களா?" என்று கேட்டார் இன்னொருவர்.

காலித் தொட்டியோடு மலை ஏறினோம். நாகப்பட்டினத்தில் மேடு என்றால் அது பாலம். சித்தேரி மலைச் சாலையோ ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவைத் தலைக்கு மேலே காட்டியது. மாதேஷ்தான் ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார். மேலே காற்று குளிர்ந்தது. சாமை விளைந்த சரிவுகள், பலா மரங்கள், வழியை விடாத ஆடுகள். கோயிலருகே ஊர்த் தொட்டியில் தாராளமாகத் தண்ணீர் வந்தது. நான் நாத்தனாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமலிருப்பதை அவர் பார்த்துக்கொண்டார்.

கல்யாணம் விடிந்ததும் முடிந்தது. பம்பைக்காரர்கள் அடித்த அடியில் வயிற்றுக்குள் பாயசம் குலுங்கியது. சாமைச் சோறும் பருப்பும் பூசணிக் கூட்டும் இலையில் விழுந்தன. சாமைச் சோற்றை ஏன் விமானத்தில் ஏற்றி அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் என்று தெரியவில்லை. நானே மூன்றாவது முறை கேட்டு வாங்கினேன்.

பெங்களூர்ப் பெரியம்மா பருத்த உடம்பு, பட்டுப் புடவை, கையில் விசிறி. வந்ததும் ராணி போட்ட கதவுக்குள் போனார். நாத்தனார் வெளியே கைகளைப் பிசைந்தபடி நின்றார். வெளியே வந்த பெரியம்மா கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார். மாதேஷ் எனக்குத் தமிழில் சொன்னார்: "எங்க வூட்டுல இருக்கறதுல கூட இந்த மாதிரி குளுகுளுன்னு காத்து வராதுன்னு சொல்றாங்க." நாத்தனார் முகத்தில் அப்போது தெரிந்த வெளிச்சம் தாலி கட்டும்போதுகூட இல்லை.

பெரியம்மா சொன்னது பரவியது. அதன்பின் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் அந்தக் காற்றை வாங்கப் போனார்கள். மலைக்காரர்களும் ஒருவர் விடாமல் வந்தார்கள். இதன் விளைவு என்ன என்பது மதியம் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கூரைத் தொட்டியில் மிஞ்சியதைத் திறந்துவிட்டோம். ஆனால் வண்டியின் அடியில் இன்னொரு தொட்டி உண்டு. அது நிரம்பியிருந்தது.

முன்னால் நாங்கள். பின்னால் மினி பஸ்ஸில் மணமக்கள், நாத்தனார், பெரியம்மா, பம்பைக்காரர்கள், இரு வீட்டு உறவினர்கள். முதல் வளைவு தாண்டியதுமே கார் தன் இஷ்டத்துக்கு ஓடுவது போலிருந்தது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. மாதேஷ் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

"கியரக் கொறைங்க தம்பி!"

"கொறைச்சிட்டேனுங்க அண்ணி!"

"இன்னும் கொறைங்க!"

கருகிய வாடை வந்தது. அடுப்பில் ரப்பர் விழுந்த மாதிரி. மாதேஷின் குரல் சின்னதாகிவிட்டது. "அண்ணி, பிரேக்கு கால்ல நிக்க மாட்டேங்குது." ஒரு வழியாக முதல் கியரில் முனகி, மலைப்பக்கம் ஒட்டி நின்றது. நான் குதித்து, கையில் கிடைத்த கல்லையெல்லாம் சக்கரங்களுக்குக் கீழே வைத்தேன். மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. கீழே, வெகு கீழே, ஒரு மாமரத்தின் உச்சி தெரிந்தது.

மினி பஸ் பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. அது எங்களைத் தாண்டிப் போக இடமில்லை. எல்லாரும் இறங்கினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் யோசனை சொன்னார்கள்.

"கீழ் தொட்டியைத் தெறந்து ஓடையில விட்டுடுங்க. வெயிட்டு கொறைஞ்சிடும்" என்றார் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர்.

நாத்தனார் அவர் பக்கம் திரும்பினார். "கீழ ஊருல அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க. எம் பையன் கல்யாணத்தன்னைக்கு ஊரே சாபம் வுடணுமா?"

அந்த யோசனை அங்கேயே செத்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கழற்றி ஓரமாக விட்டுவிடலாமா என்றால், அந்தச் சாலைக்கு ஓரமே கிடையாது.

கடைசியில் பம்பைக்காரர்களில் மூத்தவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தேரு எறக்கறாப்புல எறக்கிடலாங்க" என்றார்.

மினி பஸ்ஸின் மேலே பந்தல் கயிறு இருந்தது. மினி பஸ் டிரைவர் முனிராஜ் உற்சாகமாக ஏறி அதை இறக்கினார். ட்ரெய்லரின் பின்னால், "மீண்டும் வருக"வுக்குக் கீழே, இரண்டு கயிறுகளைக் கட்டினார்கள். முட்டுக்கட்டைக்கு மலைப்பக்கச் சரிவில் கிடந்த மரத்துண்டுகள். பட்டு வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. பெங்களூர்க்காரர்கள் பூட்ஸ் நாடாவை இறுக்கினார்கள். பெண்களும் கயிற்றைப் பிடித்தார்கள்.

"மாதேஷ், நீங்க கயிறு புடிங்க. நான் ஓட்டறேன்" என்றேன்.

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். சாவியை என் கையில் வைத்துவிட்டு ஓடியே போனார்.

பிரேக் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு நாலு சக்கரமும் இழுக்கிற கியரில், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக விட்டேன். கால் பிரேக் மேலே பட்டும் படாமலும். கண்ணாடியில் ரோஜா நிறச் சுவர் மட்டும் தெரிந்தது. அதன் இரண்டு ஓரத்திலும் பின்னால் சாய்ந்து இழுக்கிற ஆட்கள். பம்பை மெதுவாக அடித்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், வேகமாக அடித்தால் தளர்த்த வேண்டும் என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு தானாகவே வந்துவிட்டது. எனக்கும் அது பழகியது. மெதுவான அடிக்குக் கால் கீழே, வேகமான அடிக்குக் கால் மேலே. வழியில் ஆடு மேய்த்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நடுவில் ஒரு வளைவு மிகக் குறுகலாக இருந்தது. நான் திரும்பும்போது கயிற்றில் ஒருவர் சறுக்கி விழ, பின்னால் இருந்தவர்கள் அவர் மேல் விழுந்தார்கள். பம்பை நின்றது. ட்ரெய்லர் காரை இடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே எனக்குச் சாலை தெரியவில்லை, மாமரங்கள்தான் தெரிந்தன. வாயில் "ஆத்தா" என்று வந்தது. நாகப்பட்டினத்தில் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை.

அப்போது மாப்பிள்ளை, மாலையும் கழுத்துமாக, முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். கீழ்ப்பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால் அதைப் போட்டுவிட்டு மாலை கிழிய உருண்டான். மரம் முனகியது. வண்டி நின்றது.

என் கைகள் ஸ்டியரிங்கை விட மறுத்தன. மணப்பெண் ஜன்னலருகே வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. "அத்தே, நான் டிரைவிங் ஸ்கூல்ல சேந்திருந்தேன். இன்னிக்கு அத வுட்டுட்டேன்" என்றாள். நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான் விரல்கள் தளர்ந்தன.

மறுபடி கயிறு இறுகியது, பம்பை ஆரம்பித்தது. கடைசி வளைவு தாண்டி, சாலை சமமாகி, ஒரு மரவள்ளிக் காட்டின் ஓரம் வண்டி தானாகவே நின்றபோது எழுந்த கூச்சலை நான் வேறு எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. நாத்தனார் ஓடிவந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். மாதேஷ் கழிவறைக்குச் சூடம் காட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, எல்லாரும் பஸ்ல ஏறுங்க" என்றார் நாத்தனார்.

எல்லாரும் திரும்பினோம். பஸ் இல்லை.

எல்லாரும் முனிராஜைப் பார்த்தோம். அவர் கையில் கயிற்றின் நுனி இருந்தது. உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது. மலை முழுவதும் எல்லாருக்கும் முன்னால் நின்று உயிரைக் கொடுத்து இழுத்தவர் அவர்தான். அவர் கயிற்றைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்.

"மேல இருக்குதுங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அது அடங்கும்போதுதான் மணப்பெண், "பெரியம்மா எங்கே?" என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை. கயிற்றில் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதைப் பார்த்ததாகவும் ஒருவரும் சொல்லவில்லை. "ஹேண்ட் பிரேக் போட்டேன், கல்லும் வெச்சேனுங்க. உள்ள யாரு இருக்காங்கன்னு மட்டும் பாக்கலீங்க" என்று சொல்லும்போது முனிராஜின் குரல் உடைந்தது. நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ட்ரெய்லரைக் கழற்றி, முட்டுக் கொடுத்துவிட்டு, முனிராஜையும் மாதேஷையும் ஏற்றிக்கொண்டு மேலே விரட்டினேன். பின்னால் சுமை இல்லாத கார் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. எனக்கு அதில் சந்தோஷப்படத் தோன்றவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பஸ் எதிரே உருண்டு வருகிறதா என்றே பார்த்தேன். மாதேஷ் குலசாமிக்குக் கிடா, சேவல் என்று வரிசையாக வேண்டிக்கொண்டே வந்தார்.

பஸ் விட்ட இடத்திலேயே நின்றது. உள்ளே ஏறினோம். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் பெரியம்மா காலை நீட்டி, விசிறியை மார்பில் வைத்துக்கொண்டு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாதேஷ் மெதுவாகத் தோளைத் தொட்டார். அவர் கண் விழித்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக் கன்னடத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஊரு வந்துடுச்சான்னு கேக்கறாங்க" என்றார் மாதேஷ். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வந்துட்டே இருக்குன்னு சொல்லுங்க."

முனிராஜ் பஸ்ஸை முன்னால் எடுத்தார். நான் பின்னாலேயே இறங்கினேன். அடிவாரத்தில் பஸ் தலை காட்டியதுமே பம்பைக்காரர்கள் கண்மண் தெரியாமல் அடிக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு எல்லாரும் கைதட்டி, குலவையிட்டு, அழுதுகொண்டே ஓடிவந்தார்கள். பஸ் கதவு திறந்தது. பெரியம்மா படியில் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு, இந்த ஊர்க்காரர்களுக்கு மரியாதை தெரிகிறது என்கிற முகத்தோடு, இரண்டு கைகளையும் கூப்பி, இருபுறமும் தலையசைத்தபடி நிதானமாக இறங்கி வந்தார்.